நர்ஸம்மா என்று கூப்பிட்ட வீடு

தெருவில் எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பது அவளைக் கட்டியவனுக்குத் தெரிவதற்கு முன்பே தையல்காரிக்குத் தெரிந்துவிடும். பக்கத் தையலைப் பிரித்து இரண்டு விரல் விட்டுக் கொடு என்று ஒருத்தி வந்து நின்றால் போதும். தையல்காரி அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், வயிற்றையும் பார்க்க மாட்டாள். வாயில் குண்டூசியைக் கடித்தபடியே ‘எத்தனாவது மாசம்?’ என்பாள். வந்தவள் வெட்கப்பட்டால் முதல் பிள்ளை, எரிந்து விழுந்தால் மூன்றாவது. இந்த வித்தையை நம்பித்தான் துணைக்காரி தினமும் மாடியிலிருந்து இறங்கி வந்து அந்தக் கடை முக்காலியில் பழியாய்க் கிடந்தாள்.

துணைக்காரி என்றால் பிரசவத்துக்குத் துணை இருப்பவள். பிள்ளையை எடுப்பது அவள் வேலை இல்லை. அதற்கு டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். வலி எடுத்ததிலிருந்து பிள்ளை அழும் வரைக்கும் இவள் ஆஸ்பத்திரியில் கூடவே இருப்பாள். இடுப்பை அழுத்தி விடுவாள், வெந்நீர்ப் பை வைப்பாள், மூச்சை இப்போது இழு, இப்போது விடு என்று காதோரம் சொல்லிக்கொண்டிருப்பாள். மயங்கி விழப் பார்க்கும் புருஷனுக்கு ஒரு டீயை வாங்கிக் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பதும் அவள் கணக்கில்தான் சேரும். செவிலியர் படிப்பு எதுவும் அவள் படித்ததில்லை. ஒரு பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டதும், பெண்களோடு இருந்து இருந்து பழகியதும்தான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன கோடையில் ஒரு பிள்ளை அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரே சொன்னார். ஆனால் டாக்டரைக் கைவிட முடியாது, ஆஸ்பத்திரியைக் கைவிட முடியாது. கைவிடுவதற்குத் தோதாக இருந்தவள் துணைக்காரி ஒருத்திதான். ‘அவ வந்தா விளங்காது’ என்று யாரோ ஒரு வார்த்தை சொல்ல, அது வாய்க்கு வாய் வளர்ந்து, பேசி வைத்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். யோகா வகுப்பு நடத்துகிறவள் போனை எடுப்பதில்லை. குழந்தைச் சாமான் கடையில் இவள் ஒட்டிய நோட்டீஸ் மறுநாளே காணோம். ஸ்கேன் எடுக்கும் இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்திலிருந்த பெண்ணிடம் ‘முதல் பிள்ளையாம்மா?’ என்று பேச்சுக் கொடுத்ததற்கு, வாட்ச்மேன் வந்து ‘டோக்கன் இருக்கா?’ என்று கேட்டு எழுப்பி விட்டான். அன்றைக்கு அவள் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

“ஒருத்தியையாவது அனுப்புக்கா,” என்றாள் துணைக்காரி. கையில் ஒரு பழைய கவுனை வைத்துக்கொண்டு நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அனுப்பாமலா இருக்கேன்? உன் பேரைச் சொன்னதும் துணியை வாங்கிட்டு நடையைக் கட்டுறாளுங்க. உன்னால என் பொழப்பும் போயிடும் போலிருக்கு.”

“சரி, விடு.”

“உடனே மூஞ்சியைத் தொங்கப் போடாத. ஒரு வீடு இருக்கு. சொல்லலாமா வேண்டாமான்னுதான் ரெண்டு மனசா இருக்கு.”

“எந்த வீடு?”

“வாய்க்கால் ஓரத்துச் சலவைக்கூடம். அந்தம்மா மருமக துணியைத் தளர்த்தக் கொண்டு வருது. மாசாமாசம் வருது. துணிதான் வருது, ஆள் வர்றதில்ல.” தையல்காரி மிஷினை நிறுத்தினாள். “இந்தத் தடவை கைப் பக்கமும் பிரிக்கச் சொல்லுச்சு. வயிறு பெருக்கும், மார் பெருக்கும், சரி. முன்கை எதுக்குடி பெருக்கணும்? எனக்கு என்னமோ பிடிக்கல.”

துணைக்காரியின் காதில் வீடு விழுந்தது, மருமகள் விழுந்தாள். முன்கை விழவில்லை என்று சொல்ல முடியாது. விழுந்ததை அவள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள்.

சலவைக்கூடம் தெருவின் கடைசியில் இருந்தது. நகரத்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுத்தது. கீழே பாய்லரும் ராட்சத மிஷின்களும். பிளீச்சிங் பவுடர் வாடை வாசலிலேயே மூக்கை அரிக்கும். பின்கட்டில் கொடி கொடியாக வெள்ளை விரிப்புகள். அவற்றுக்கு நடுவே நடந்தால் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்றே தெரியாது. இஸ்திரி மேடையில் நாலைந்து பெண்கள் வியர்க்க விறுவிறுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சலவைக்கூடத்து அம்மா வெந்து வெளுத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“தையல்காரி சொன்னா. பிரசவத்துக்குக் கூட இருந்து பார்க்கிறவங்கன்னு. வாங்க நர்ஸம்மா.”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தம்மா ஒரு நாற்காலியை இழுத்து, தன் முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டாள். பல மாதங்களாக எந்த வீட்டிலும் துணைக்காரிக்கு யாரும் நாற்காலி துடைத்துப் போடவில்லை. அவள் உட்கார்ந்தாள்.

“எந்த ஆஸ்பத்திரியில காட்டுறீங்கம்மா?” என்று கேட்டாள்.

“ஆரம்பத்துல ஒரு தடவை காட்டினோம். அதோட சரி.” அந்தம்மா குரலைத் தாழ்த்தினாள். “இருபது வருஷமா ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறேன் நர்ஸம்மா. எது காய்ச்சல் வார்டு மூட்டை, எது பிரசவ வார்டு மூட்டைன்னு பிரிக்காமலே சொல்லுவேன். தூக்கிப் பார்த்தாலே தெரிஞ்சுடும், கனம் வேற. எனக்கு ஒரு மக இருந்தா.”

துணைக்காரி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

“வலியெடுத்துச்சு, கொண்டு போய்ச் சேர்த்தோம். என்னை உள்ள விடல. கதவுக்கு வெளிய நின்னுட்டே இருந்தேன். கூப்பிட்டு, போயிட்டான்னு சொன்னாங்க. அந்த வாரமே அந்த வார்டு மூட்டை இங்க வந்துச்சு. வேலைக்காரங்க யாரையும் தொட விடல. நான்தான் பிரிச்சேன், நான்தான் அலசினேன்.” அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இந்த மருமக எனக்கு மக மாதிரி. இவளை அங்க அனுப்ப மாட்டேன். அதுக்குத்தான் உங்களைத் தேடினேன்.”

இவ்வளவு பட்டவளிடம் எடுத்தவுடன் ‘நீங்கள் நினைக்கிற ஆள் நான் இல்லை’ என்று எப்படிச் சொல்வது? நாலு தடவை வந்து போய்ப் பழகினால் மெல்ல மெல்ல ஆஸ்பத்திரிக்குச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று துணைக்காரி கணக்குப் போட்டாள். கணக்கு நியாயமாகத்தான் இருந்தது. கூடவே, இந்த வீட்டை விட்டால் தனக்கு வேறு வீடு இல்லை என்பதும் அதில் இருந்தது. அதை அவள் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

மருமகள் மாடி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். பாய்லர் சூடு தரை வழியாக ஏறி அறையே புழுங்கியது. பாதம் இரண்டும் உப்பிப் பளபளத்தன. மோதிரம் விரலில் ஏறாமல் கழுத்துச் சங்கிலியில் தொங்கிற்று. துணைக்காரி கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது, எடுத்த பிறகும் அப்படியே நின்றது.

“தலைவலி இருக்காம்மா?”

பெண் அத்தையைப் பார்த்தாள். “அப்பப்ப வரும்க்கா.”

“பிரஷர் பார்க்கணும்மா,” என்று துணைக்காரி சலவைக்கூடத்து அம்மா பக்கம் திரும்பினாள். “ஆஸ்பத்திரியில ஒரு நிமிஷ வேலைதான்.”

“உங்ககிட்ட மெஷின் இல்லையா?”

“இன்னிக்கு எடுத்துட்டு வரல.”

அதுவரைக்கும் அவள் பொய் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் கூப்பிட்டார்கள், இவள் மறுக்கவில்லை, அவ்வளவுதான். இது அவள் வாயால் சொன்ன முதல் பொய்.

மறுவாரம் தையல்காரியின் புருஷன் வைத்திருந்த பிரஷர் மெஷினைக் கடன் வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணின் கையில் பட்டையைச் சுற்றி, பொத்தானை அமுக்கினாள். மேலே நின்ற எண் அதிகமாக இருந்தது. மறுபடி வைத்துப் பார்த்தாள். இன்னும் ஏறியிருந்தது.

“அம்மா, இது கூட இருக்கு. டாக்டர் பார்க்கணும். இப்பவே பார்த்தா மாத்திரையில அடங்கும்.”

“மாத்திரைதானே? நீங்களே எழுதிக் குடுங்களேன்.”

“நான் குடுக்கக் கூடாதும்மா.”

“சரி, மாத்திரை இல்லாம என்ன செய்யலாம் சொல்லுங்க. நீங்க சொல்றபடி கேக்கறோம். ஆஸ்பத்திரிப் பேச்சு மட்டும் இந்த வீட்ல வேண்டாம் நர்ஸம்மா.”

விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் துணைக்காரி நின்றாள். கடைசியில் உப்பைக் குறைக்கச் சொன்னாள், இடது பக்கமாகப் படுக்கச் சொன்னாள், காலடியில் தலையணை வைக்கச் சொன்னாள். அந்தம்மா அத்தனையையும் அப்படியே செய்தாள். துணைக்காரியைப் பயமுறுத்தியது அதுதான். வாயைத் திறந்து எது சொன்னாலும் அந்த வீட்டில் நடந்தது.

கீழே வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மகனைத் தனியாகப் பிடித்தாள். வாட்டசாட்டமான ஆள், அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் குரல் இறங்கிவிடும்.

“தம்பி, டெலிவரி போற வழியில ஒரு தடவை அந்தப் பொண்ணைக் காட்டிட்டு வந்துடுங்களேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றான் அவன். “ஆனா நான் சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க. நீங்க சொல்லுங்க. நீங்க நர்ஸாச்சே, உங்க பேச்சுக்கு மறுபேச்சு இல்ல.”

அவள் இஸ்திரி மேடையைத் தாண்டும்போது அங்கே தேய்த்துக்கொண்டிருந்தவள் ஒருத்தி கூப்பிட்டாள். நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள்; வயிறு மேடையில் இடித்தது.

“எனக்கும் நீங்கதான் வரணும் நர்ஸம்மா. அம்மா சொன்னாங்க, வீட்டுக்கே வந்து பார்ப்பீங்கன்னு. எங்க தெருவுல இன்னும் ஒருத்தி இருக்கா, அவகிட்டயும் சொல்லியிருக்கேன்.”

“ஆஸ்பத்திரியில காட்டுறீங்கல்ல?”

“காட்டிட்டுத்தான் இருந்தேன். இனிமே எதுக்கு?”

துணைக்காரி அவளுக்குப் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது பிறகு அவளுக்கே சரியாக நினைவில்லை. ‘பார்க்கலாம்மா’ என்றோ ‘சரிம்மா’ என்றோ சொல்லியிருக்க வேண்டும். போன் நம்பரைக் கொடுத்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது. கேட்டு வாங்கினார்களே என்கிற சந்தோஷம் அந்த நிமிஷத்தில் உண்மையாகவே இருந்தது.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தையல்காரி குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

“நர்ஸம்மாவா? இஸ்திரிக்காரி வந்து சொல்லிட்டுப் போறா. ஏண்டி, நீ எப்பப் படிச்ச?”

“அவங்களா கூப்பிடுறாங்க.”

“நீயும் திருத்தல.”

“சொன்னா விரட்டி விட்டுருவாங்கக்கா. அப்புறம் அந்தப் பொண்ணுக்கு யாருமே இருக்க மாட்டாங்க.”

“பொண்ணுக்காகவா, உனக்காகவா?” தையல்காரிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. “நாளைக்கே போய்ச் சொல்லு. இல்லன்னா நான் போய்ச் சொல்லுவேன்.”

“நாளைக்குச் சொல்லிடறேன். சத்தியமா.”

மறுநாள் காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு கிடந்தது. மத்தியானம் சலவைக்கூடத்திலிருந்து போன் வந்தது. மருமகளுக்கு வலியெடுத்துவிட்டது. நாள் இன்னும் இருந்தது, முன்னாடியே வந்துவிட்டது.

அவள் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டில் பெண்கள் நாலா பக்கமும் ஓடி விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வேனைக் காணோம். அப்போதே மகனுக்குப் போன் போட்டாள். “தம்பி, எங்க இருந்தாலும் வண்டியைத் திருப்புங்க.” அவன் எதற்கு என்று கேட்கவில்லை.

மாடி அறை துடைத்து மெழுகியது மாதிரி இருந்தது. கட்டிலில் கொதிக்க வைத்து வெளுத்த விரிப்பு. ஓரத்தில் துண்டுகள் அடுக்கடுக்காக. வெந்நீர் ஆவி பறந்தது. எந்த ஆஸ்பத்திரியிலும் அவள் அவ்வளவு சுத்தமான அறையைப் பார்த்ததில்லை. நடுவில் அந்தப் பெண் முகமெல்லாம் வீங்கி, ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

“அக்கா, கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குது. தலை வெடிக்குது.”

துணைக்காரி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். பெண்ணின் விரல்கள் அவள் கைக்குள் துடித்தன.

“அம்மா, கிளம்பணும். வண்டி வந்துட்டிருக்கு.”

“எங்க கிளம்பணும்?”

“ஆஸ்பத்திரிக்கு. இது வலி மட்டும் இல்லம்மா. உசுருக்கு ஆபத்து.”

“எதுக்குப் பதறுறீங்க? நீங்கதான் இருக்கீங்களே.” சலவைக்கூடத்து அம்மா ஈரத் துணியைப் பிழிந்து மருமகள் நெற்றியில் போட்டாள். “என்ன வேணும் சொல்லுங்க, எல்லாம் இருக்கு.”

“நான் நர்ஸ் இல்லம்மா.”

மழைச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவை சொன்னாள்.

“நான் நர்ஸ் இல்ல. பிள்ளை எடுக்க எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில டாக்டர் பார்க்கிறப்ப பக்கத்துல இருக்கிறவ நான். அவ்வளவுதான்.”

அந்தம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். அதைத்தான் துணைக்காரி எதிர்பார்க்கவில்லை. “பயத்துல பேசறீங்க. பிரஷர் பார்த்தீங்க, இப்படிப் படு அப்படிப் படுன்னு சொன்னீங்க. கால்ல அழுத்திப் பார்த்தீங்க. எனக்கு ஆள் தெரியாதா?”

“அது தையல்காரி வீட்டு மெஷின். நான் பொய் சொன்னேம்மா. முதல் நாளே சொல்லியிருக்கணும். சொன்னா என்னை வேண்டாம்னுடுவீங்கன்னு சொல்லல.”

சிரிப்பு அந்தம்மாவின் முகத்திலேயே நின்றுபோயிற்று. கட்டிலிலிருந்து பெண் பேசினாள். குழறலாக இருந்தது.

“எனக்கு முதல் நாளே தெரியும் அத்தை.”

“என்னடி தெரியும்?”

“நர்ஸ்னா இவ்ளோ நேரம் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சு ஏன் சொல்லல?”

“சொன்னா இவங்களையும் வர விட மாட்டீங்க.” அவள் மூச்சு வாங்கினாள். “யாராவது ஒருத்தர் வரட்டும்னு இருந்தேன். அத்தை, என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

அதற்குமேல் அவள் பேசவில்லை. கண் மேலே செருகியது. தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து, கட்டில் ஆட ஆட வெட்டி வெட்டி இழுத்தது. துணைக்காரி அவளைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, “தம்பி! தம்பி!” என்று கத்தினாள். வேன் சத்தம் வாசலில் கேட்டது. மகன் படியேறி வந்து யாரையும் எதையும் கேட்காமல் மனைவியை வாரித் தூக்கினான். அவன் அம்மா வழியை மறிப்பவள் போலக் கதவுக்குக் குறுக்கே ஒரு கணம் நின்றாள். அப்புறம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

வேனில் வெளுத்த மூட்டைகளைத் தள்ளிவிட்டு அவற்றுக்கு நடுவே படுக்க வைத்தார்கள். வழியில் இன்னொரு தடவை இழுத்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்டிரெச்சரோடு ஓடிக்கொண்டே டாக்டரம்மா கேட்டாள். “இத்தனை நாள் எங்க காட்டினீங்க? யாரு பார்த்துட்டிருந்தது?”

மகன் தரையைப் பார்த்தான். சலவைக்கூடத்து அம்மா ஸ்டிரெச்சர் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். அவள் விரலை நீட்டியிருந்தால்கூடத் துணைக்காரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான்தான் பார்த்துட்டிருந்தேன்,” என்றாள் துணைக்காரி. “நான் நர்ஸ் இல்ல. பிரஷர் கூட இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.”

டாக்டரம்மா ஓட்டத்தை நிறுத்தாமலே ஒரு பார்வை பார்த்தாள். “உங்ககிட்ட அப்புறம் பேசணும். போயிடாதீங்க.” ஆபரேஷன் அறைக்குள் ஸ்டிரெச்சர் போயிற்று. துணைக்காரியும் பின்னாலேயே நாலடி போனாள். நர்ஸ் அவள் மார்பில் கை வைத்துத் தடுத்து, கதவைச் சாத்தினாள்.

பெஞ்சில் இந்த ஓரம் துணைக்காரி, அந்த ஓரம் சலவைக்கூடத்து அம்மா. மகன் நின்றுகொண்டே இருந்தான். பிழைப்பது தாயா பிள்ளையா, இருவருமா என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. அப்போது துணைக்காரியின் போன் அடித்தது.

“நர்ஸம்மா, இஸ்திரி போடுறவ பேசறேன். எனக்குத் தண்ணி உடைஞ்சிருச்சு. அவர் வேலைக்குப் போயிட்டார். நான் எங்கயும் போகல, வீட்லதான் இருக்கேன். வந்துருவீங்கல்ல?”

“அம்மாடி, கேளு. நான் நர்ஸ் இல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.”

“இந்த நேரத்துல விளையாடாதீங்க நர்ஸம்மா. முதலாளியம்மா வீட்டுக்குப் போயிருக்கீங்களாமே, அங்க முடிச்சுட்டே வாங்க. நான் பொறுத்துக்கறேன். கதவைத் திறந்து வெச்சிருக்கேன்.”

“போம்மா, சொல்றதைக் கேளு, போ!”

“நீங்க வருவீங்க, எனக்குத் தெரியும்.”

துணைக்காரி போனைக் காதிலிருந்து எடுத்தாள். எழுந்து அந்த ஓரத்துக்குப் போய் சலவைக்கூடத்து அம்மாவிடம் நீட்டினாள்.

“நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா. உங்க இஸ்திரிக்காரி, நீங்க அனுப்பின பொண்ணு. தண்ணி உடைஞ்சிருச்சாம். நீங்க சொன்னாத்தான் கேப்பா.”

அந்தம்மா போனை வாங்கினாள். காதில் வைத்தாள். போனுக்குள்ளேயிருந்து ‘அம்மா? அம்மாவா? இருக்கீங்களா?’ என்று குரல் வெளியே வரைக்கும் கேட்டது. அந்தம்மா சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணைக்காரிக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

“வேன் வருது,” என்றாள் அந்தம்மா கடைசியில். “ஏறு. எங்கன்னு கேக்காத. ஏறு.”

மகன் அம்மாவையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். “போடா,” என்றாள் அவள். “நாங்க இருக்கோம்.” அவன் படிகளில் ஓடினான்.

அந்தம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அவள்தான் கேட்டாள். நர்ஸம்மா என்று கூப்பிடவில்லை.

“ஏம்மா, உள்ள அவ கையை யாராவது பிடிச்சிருப்பாங்களா?”

பிடித்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டால் அந்தம்மாவுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். தன் மகளுக்கும் யாரோ பிடித்திருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு மிச்ச நாளைத் தள்ளிவிடுவாள். துணைக்காரிக்கு அது புரிந்தது. அந்த அறைக்குள் எல்லார் கைக்கும் வேறு வேலை இருக்கும் என்பதும் தெரியும்.

“இல்லம்மா,” என்றாள். “பிடிச்சிருக்க மாட்டாங்க.”